மூடியிருந்த கண்ணாடித் தட்டு

டிசம்பர் 14, ஞாயிறு

திருக்காட்டுப்பள்ளிக்குப் போய்விட்டு வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதும் கேவலம்தான்.

ராமையன் நெல்வயலில் குலைநோய் நிற்கவில்லை. இலையில் இருந்தது கதிரின் கழுத்துக்கு ஏறிவிட்டது. கடை மருந்து வாங்கப் போனவரைத் தடுத்து, சோப்புத் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொல்லி எலுமிச்சைப்புல் எண்ணெயைக் கொடுத்தவள் நான். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அந்த நோயின் பூஞ்சை ஒரு பொட்டுக்கூட வளராத கண்ணாடித் தட்டின் படத்தைப் போனில் காட்டினேன். தட்டு மூடியிருந்ததைச் சொல்லவில்லை. எண்ணெயின் ஆவி மூடிக்குள் அடைந்து கிடந்ததால்தான் பூஞ்சை செத்தது. திறந்த வயலில் காற்று அதைக் கொண்டுபோய்விடும் என்று எனக்கு அல்லவா உறைத்திருக்க வேண்டும்?

அவர் மனைவி செல்வி வரப்பிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். "சோப்புத் தண்ணியைச் சரியா கலக்கியிருக்க மாட்டீங்க. சொன்னா எங்க கேக்குறீங்க? மேடம் என்ன பண்ணுவாங்க, பாவம்!"

"வெயில்ல அடிச்சது என் தப்புதான் மேடம்" என்றார் ராமையன். "இன்னொரு பாட்டில் இருந்தா குடுங்க. காலைல வெயிலுக்கு முந்தி அடிச்சுடுறேன்."

இருக்கலாம் என்று தலையாட்டினேன். பையில் இருந்த பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தேன். செல்வி டீ போட்டுத் தந்தாள். குடித்தேன்.

வாய்க்காலை ஒட்டிய பாதியில் இன்னும் கதிர் வரவில்லை. கடை மருந்து அடித்தால் அதையாவது காப்பாற்றலாம். போனில் அவர் எண்ணை மூன்று முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ் ஐந்து மணிக்கு. அவர் மருந்தடிக்கும் டேங்கைத் தோளில் மாட்டுவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். தப்பு என்னுடையது என்று செல்வி காதுபடச் சொல்ல வேண்டும்.