சத்தம் போடாத பிள்ளை

குனோங் ராபாட், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்பு மருமகள் விமலாவுக்கு, மாமன் சன்னாசி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை மங்களமும் உன் மகள் தினேஸ்வரியும் இருக்கோம். பெர்த்தில் குளிர் எப்படி? தோட்டத்து வேலைக்குப் போகும்போது உள்ளே ரெண்டு சட்டை போட்டுக்கோ. நான் ஆறாம் வகுப்போட நின்னவன், பிழை இருந்தா பொறுத்துக்கோ. அந்தக் காலத்து ஆறு இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம்.

போனில் சொல்லலாம்தான். நீ எடுக்கறதில்லை. எடுத்தாலும் சின்னது என் தோளில் சாஞ்சு கேட்டுக்கிட்டே இருக்கும். அதான் தபால்.

முதல்ல என் சங்கதி. சர்ச்சில் எனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்காங்க. கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பயபக்தியோட உட்கார வைக்கணும். மொத்தம் நூறு பிள்ளைகள். பதினொண்ணுதான்னு உன் அத்தை பின்னாலேருந்து சொல்றா. பதினொண்ணும் நூறு மாதிரி கத்தும் லா. எஸ்டேட்டில் நாப்பது மாட்டை ஒரே விசிலில் நிறுத்தினவன் நான், எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

சுங்கை சிப்புட் பக்கம் நம்ம பழைய தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் ரப்பர் கொட்டை பொறுக்கிட்டு வந்தேன். ஆளுக்கு ஒண்ணு. கையைக் கட்டி, முழங்கை மடிப்பில் அதை வச்சுக்கணும். கடைசி ஆமென் வரைக்கும் கீழே விழக்கூடாது. திருவிருந்து அப்பமும் தண்ணியும் வரும்போது மட்டும் பைக்குள்ளே போட்டுக்கலாம். விழாம வச்சிருந்தவங்களுக்கு மிட்டாய். இப்படி ஒரு யோசனை அமெரிக்காவில் இருக்கிற நம்ம சபைப் பெரியவங்களுக்கே வந்திருக்காது.

எல்லாரையும்விட உன் மகள்தான் கெட்டிக்காரி. ஒரு வாரம்கூட அவ கொட்டை விழுந்ததில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற புஷ்பலதா, "இவ மாதிரி பத்துப் பிள்ளை கொடுங்கண்ணே"ன்னு கேட்டாங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன். மாசக் கணக்கா நடந்தேன்.

அப்புறம் பள்ளிக்கூடத்திலேருந்து கூப்பிட்டாங்க. வகுப்பில் பேர் வாசிச்சாக்கூட பதில் சொல்றதில்லையாம். வீட்டிலும் தண்ணி வேணும்னா விரலால் காட்டும். வளர்ற பிள்ளை, அடக்கம் வருதுன்னு உன் அத்தைகிட்டச் சொன்னேன். அவ என்னைப் பார்த்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

வர்ற மாசம் அவளுக்கு எட்டு வயசு. உனக்குத்தான் தெரியுமே, நம்மகிட்ட எட்டு வயசில் ஞானஸ்நானம். அதுக்கு முன்னாடி சபைத் தலைவர் பிள்ளையைக் கூப்பிட்டுச் சில கேள்வி கேட்பார், பிள்ளை தன் வாயால் பதில் சொல்லணும். இன்னிக்குக் காலையில் தலைவர் பத்துமலை கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். பேர் கேட்டார். இயேசுவைப் பிடிக்குமான்னு கேட்டார். அது கையைக் கட்டிக்கிட்டு அவர் முகத்தையே பார்த்தது. கால் மணி நேரம் பொறுமையா இருந்துட்டு, எழுதித் தர்றியாம்மான்னு பென்சிலும் தாளும் கொடுத்தார். எழுதிச்சு. அவர் படிச்சுட்டு என் பக்கம் தள்ளினார்.

"இன்னும் எத்தனை நாள் சத்தம் போடாம இருந்தா எங்கம்மா வருவாங்க?"

விமலா, அதைச் சொன்னவன் நான்தான். நீ போன மறு ஞாயிறு, ஜெபத்தின் நடுவில் அம்மான்னு கத்தி அழுதா. வெளியே தூக்கிட்டு வந்தேன். எல்லாரும் பார்க்கிறாங்களேன்னு எனக்கு வெக்கம். கையைக் கட்டிச் சத்தம் போடாம இருந்தா ஆண்டவர் உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்துருவார்னு சொல்லிட்டேன். என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் யாரும் முழுசா நம்பினதில்லை. இந்தப் பிள்ளை நம்பிருச்சு. ஏழு மாசமா நம்பிக்கிட்டு இருக்கு.

தாத்தா சொன்னது பொய், நீ பேசலாம்னு அங்கேயே மண்டி போட்டுச் சொன்னேன். மாட்டேன்னு தலையை ஆட்டிருச்சு. நான் அதைத் தோத்துப்போக வைக்கப் பார்க்கிறேன்னு நினைக்குது போல. கையை இன்னும் இறுக்கிக்கிச்சு.

பத்துமலை என்னைத் திட்டலை. ஞானஸ்நானத்துக்கு ஆண்டவர் அவசரப்படலை, பிள்ளை முதல்ல பேசட்டும்னு சொன்னார். திட்டியிருக்கலாம்.

நீ அங்கே யாரோட இருக்கே, எப்போ வருவேன்னு நான் கேட்கலை. என் மகன் ரூபன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு. உன் வயசு எனக்குத் தெரியும். ஆனா ஒரே ஒரு தடவை கூப்பிடு. நான் சொன்னா கேக்காது, நீ சொன்னாத்தான் கேக்கும். நீ பேசுறதுக்கும் அம்மா வராததுக்கும் சம்பந்தமில்லைன்னு அதுகிட்டச் சொல்லு. வர்றதா இல்லைன்னா அதையும் உன் வாயாலேயே சொல்லிடு. அழும். அழட்டும் தாயி.

காலையில் ஆறரைக்கு உன் அத்தை அதுக்குத் தலை பின்னிவிடுவா. அப்போ கூப்பிடு. போனை அது கையில் கொடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் வெளியே போயிடறோம்.

ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாம வச்சிருக்கட்டும். நான் எவ்வளவோ அளந்திருக்கேன். இந்தக் கடுதாசியை மட்டுமாவது நம்பு.

உன் மாமன்
சன்னாசி