சர்க்கரை டப்பாவும் பதினேழு சிவப்பும்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே மாமியார் சர்க்கரை டப்பாவை நீட்டினார். "நீங்க மூடினதை நீங்களே திறந்துடுங்க மாப்பிள்ளை." நான் மூடிய எதையும் இந்த வீட்டில் வேறு யாராலும் திறக்க முடிவதில்லையாம். மூடி என்று ஒன்று இருப்பதே மூடுவதற்குத்தானே?

தொழிற்சாலையில் புது ஆர்டர். சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும், தீப்பெட்டி அளவு மைக்ரோவேவ் ஆம்ப்ளிஃபயர்கள், இருபது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை இணைப்பது என் மனைவியின் வேலை. கேபிளில் மாட்டிச் சோதித்து, தேறியதா இல்லையா என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபதும் ஒழுங்காகப் போனால் அவளுக்கு சூப்பர்வைசர் பதவி என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 5

ஐந்தில் நான்கு அவுட். உள்ளே அனுப்பும் சிக்னலில் பாதி அப்படியே திரும்பி வருகிறது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். வேலையில் சொந்தபந்தம் பார்க்கிறவன் நான் இல்லை.

மார்ச் 6

அவள் பேசவில்லை.

மார்ச் 10

இன்று மட்டும் ஏழு சிவப்பு. சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"கேபிள் கனெக்டரை டார்க் ஸ்பானர் வச்சுத்தானே முடுக்குறீங்க?"

அது, தேவையான இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று மடங்கி, போதும் என்று நமக்குச் சொல்லும் கருவி. புதிதாக வருகிறவர்களுக்குச் சரி. எனக்கு இருபத்திரண்டு வருட விரல் இருக்கிறது. போதாததற்கு ஒரு கட்டிங் பிளேயரும் இருக்கிறது.

"என் விரலுக்குத் தெரியாததா?" என்றேன்.

மாமியார் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார்.

மார்ச் 12

மொத்தம் பதினாறு சிவப்பு. "சூப்பர்வைசர் விஷயத்துக்கு வேற ஆளைப் பார்க்கலாமா சார்?" என்று மேனேஜர் கேட்டார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நியாயமாகத்தானே நடந்துகொண்டேன்? அப்புறம் ஏன் மதியச் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 14

மானம் போய்விட்டது.

கடைசி பீஸ், எண் இருபது, மேஜைக்கு வந்தது. மாட்டினேன், முடுக்கினேன், படுதோல்வி. பதினேழாவது சிவப்பை ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். நிமிர்ந்தால் அவளும் மேனேஜரும் நிற்கிறார்கள். அவள் நகத்தால் எண் ஸ்டிக்கரை உரித்தாள். அடியில் பச்சை ஸ்டிக்கர், போன வருடத் தேதி, என் கையெழுத்து. மாதிரிக்காக அலமாரியில் வைத்திருந்த பழைய பீஸுக்குத்தான் இருபது என்று எண் ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

"போன வருஷம் தேறிடுச்சுன்னு நீங்க சொன்னதுதான்" என்றாள், மெதுவாக.

என் கேபிள் முனையை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். நடு ஊசி உள்ளே போய், விளிம்பு நசுங்கி, நட்டைச் சுற்றிலும் பிளேயர் பல் தடம்.

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்? நல்லா இருந்த பீஸை எல்லாம் வரிசையா ஃபெயில் பண்ணியிருக்கேனே — அதுவும் அவ கட்டினதை. அந்தத் தலையை வேற ஆட்டிட்டு வந்தேனே.

மார்ச் 17

புதுக் கேபிள். டார்க் ஸ்பானர். க்ளிக். நிஜமான இருபதாவதையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி சோதித்ததில் பதினேழு பீஸ் தேறின. மீதி மூன்றிலும் கம்பி இணைப்பில் குறையே இல்லை, என் பிடியில் நசுங்கிய கனெக்டரை மட்டும் மாற்ற வேண்டும்.

அறிக்கையில் முதலில் 'கேபிள் பழையது' என்று எழுதினேன். கேபிளுக்கு வயது நான்கு மாதம். அதை அடித்துவிட்டு, 'சோதித்தவர் அளவுக்கு மீறி முடுக்கியதால் வந்த கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவையும் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, அடியில் இருந்த மூன்று தாள்களிலும் பதிந்திருக்கிறது.

வீட்டில் மன்னிப்புக் கேட்டேன். "எழுத்துல குடுத்தாச்சுல்ல, சாப்பிடுங்க" என்றாள். பதினொரு நாளுக்குப் பிறகு சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவள் இன்றுமுதல் சூப்பர்வைசர். முதல் உத்தரவு: டார்க் ஸ்பானரை என் மேஜையோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். பிளேயர் அவளுடைய டிராயருக்குப் போய்விட்டது.

காலையில் சர்க்கரை டப்பாவை நான்தான் மூடினேன். மாமியார் இரண்டு விரலால் திறந்தார்.