மிதித்தால்தான் வரும் உன் முகம்

காலையில் குளிக்கும்போது குதிகால் வெடிப்பில் கறுப்பு மை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்தும் என்னை நிம்மதியாகக் குளிக்க விடமாட்டேன் என்கிறாய்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் சிரித்துக்கொள், வந்து திருத்தவா போகிறாய்.

தம்போயில் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு பொம்பளை அச்சடிக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது கல்யாணப் பத்திரிகை என்றுதான் நினைத்தேன். நீயோ ஒட்டுப்பலகையில் உளியால் படம் செதுக்கி, மை உருட்டி, மேலே துணி விரித்து, ஆளை ஏறி மிதிக்கச் சொன்னாய். எந்திரம் வாங்க உனக்கு வசதியில்லை. நான் தொண்ணூற்றாறு கிலோ. தெப்ராவில் கேண்டீன் வேலை முடிந்து படியேறினாலே, "வந்துட்டாடி என் மெஷினு" என்பாய்.

மிதித்து இறங்கியதும் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். கால் பட்டுவிட்டதே. இமை முழுக்க மை அப்பிக்கொள்ளும். "அலமாக், அய்யய்யோ, கரடி மாதிரியே இருக்கடி" என்று விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உன் புருஷன் உன் தாடையை உடைத்த பிறகு சிரிப்பு நின்றது. பல்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே, கதவளவு பலகையில் உன் முகத்தைச் செதுக்கினாய். வீங்கி மூடிய கண், கோணிய வாய், ஒன்றையும் விடவில்லை. மூவாரில் நடக்கும் பெண்கள் கண்காட்சியில் அது தொங்க வேண்டும், எல்லாரும் பார்க்க வேண்டும். உன் பிடிவாதம் அது ஒன்றுதான்.

துணியை விரித்தாய். நான் ஏறவில்லை.

"மூஞ்சியிலயாடி கால வைக்கச் சொல்ற?"

"அவன் கேட்டுட்டா வச்சான்? நீ லேசா வச்சீனா மை ஒட்டாது. நல்லா ஏறு" என்றாய், பல்லைக் கடித்தபடியே.

நெற்றிவரை மிதித்திருப்பேன். அவன் பாராங் கத்தியோடு மேலே வந்தான். என்னைத் தள்ளிவிட்டுப் பலகையை வெட்டினான். துணி கிழிந்தது, நெற்றியிலிருந்து கன்னம்வரை மரம் பிளந்தது. அடுத்த வெட்டு உனக்கு ஓங்கினான். நான் அவனை இடித்து வீழ்த்தி, கத்தி பிடித்த கையின் மேல் ஏறி நின்றேன். மணிக்கட்டு விறகு மாதிரி முறிந்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.

போலீஸ் அவனைக் கொண்டுபோனதும் பிளவில் பசை வைக்கலாமா என்றேன்.

"வேணாம்லா. அவனுந்தான் செதுக்கியிருக்கான், இருக்கட்டும்."

ஜாமீனில் வந்தவன் மறுவாரமே பஸ் நிறுத்தத்தில் உன்னைக் குத்திக் கொன்றான். வலது கையில் கட்டு. இடது கையால் குத்தினானாம். அந்தக் கையையும் ஏன் விட்டுவைத்தேன் என்று சோறு பரிமாறும்போதுகூட யோசிப்பேன். அவன் உள்ளே இருக்கிறான். உன் பலகை இரண்டு வருஷம் என் கட்டிலுக்கடியில் கிடந்தது.

உன் மாடி அறையில் இப்போது அச்சடிக்கிற இரண்டு பெண்கள் அதைக் கேட்டு வந்தார்கள். இந்த வருஷம் மூவார் கண்காட்சியில் வைக்கிறார்களாம். நேற்று அவர்களே துணி விரித்து மிதித்தார்கள். கோயிலைச் சுற்றுகிற மாதிரி மெல்ல மெல்ல. எடுத்துப் பார்த்தால் சாம்பல் கறைதான், முகம் இல்லை.

"பூனைங்களா, எறங்குங்க" என்றேன்.

"ஆன்டி, அவங்க மூஞ்சி ஆன்டி..."

"தெரியும். அவளே ஏறச் சொன்னதுதான்."

புதுத்துணி விரித்து, முதலில் வீங்கிய கண்ணில் நின்றேன். பிறகு தாடையில், குதிகாலைத் திருப்பித் திருப்பி, முழுக்கனத்தோடு. பலகை முனகியது. நானும்தான். துணியை உரித்தபோது நீ இருந்தாய், கறுகறுவென்று. அவன் வெட்டிய இடத்தில் மட்டும் மை ஒட்டாமல் ஒரு வெள்ளைக் கோடு.

நான் குனிந்து உன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்கிறார். இன்னும் நாலு துணி அடிக்கணும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் குதிகாலைத்தான் தேய்த்தேன். இமையைத் தேய்க்கவில்லை. கரடி வேலைக்குக் கிளம்பிவிட்டது.