அறுபதாவது பெல்ட்

06:10, பம்ப் நிலையம், சீரஸ் குறுங்கோள்

காற்றழுத்தம் சரி. பம்ப் இரண்டும் ஓடுகின்றன. எழுதுவது தாசன், காற்றுப் பிரிவுப் பொறியாளர். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் பனிக்கடியில் லித்தியம் உப்பு கிடைத்தது. அப்போது இங்கே நான்கு கூடாரம். இப்போது கூரைக்குள் ஓர் ஊர்: லாட்ஜ், அடகுக்கடை, சலூன், எஸ்தர் அக்காவின் பரோட்டாக் கடை. உப்பு ஊருக்கு அடியிலும் இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கேயும் தோண்டினார்கள். வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தேன். டீ கொடுத்து அனுப்பினார்கள்.

11:40

கடைத்தெரு அரை மீட்டர் இறங்கிவிட்டது. கூரை கிழிந்து காற்று போகிறது. பெரிய கப்பல்கள் கிளம்பிவிட்டன. மிச்சம் அறுபது பேர், அறுபது இருக்கைக் கப்பல் ஒன்று. ஓட்டுநர் கிடையாது, கிளம்பினால் திருப்ப வழியும் கிடையாது. இங்கே ஈர்ப்பு குறைவு, ஓர் ஆள் இரண்டு கிலோதான் இருப்பான். அதனால் கப்பல் எடையைப் பார்க்காது, பெல்ட்டைப் பார்க்கும். அறுபதும் பூட்டினால் கதவடைத்துப் போய்விடும். எல்லோரும் ஏறும்வரை நான் பம்பைப் பார்க்க வேண்டும். கடைசி பெல்ட் என்னுடையது.

12:25

வானொலி, எஸ்தர் அக்கா: “தம்பி, சன்னல் பக்கம் துண்டு போட்டேன். எவனோ தூக்கி எறிஞ்சிட்டு அவன் பெட்டிய வச்சிருக்கான். கேட்டா, ‘உம் பேரு எழுதிருக்கா’ங்கான்.”

அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் சன்னல்.

நான்: “வேற சீட்ல துண்ட வச்சு பெல்ட்ட மாட்டுங்க. சும்மா போட்டா எடுக்கத்தான் செய்வான். எனக்கு வேல கெடக்கு.”

12:50

கைத்திரையில் பூட்டிய பெல்ட் ஐம்பத்தொன்பது. ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் இல்லாமல் கப்பல் நகராது. பம்பைத் தானாக ஓட விட்டு, வருகிறேன் என்று வானொலியில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

12:54

எஸ்தர் அக்கா: “ஒனக்குத்தான் எப்பவும் அவசரம். மெதுவா வா. ஒனக்கும் எடம் போடச் சொல்லி சலூன் வேலாயுதத்த அனுப்பிருக்கேன். நீ சொன்ன மாதிரியே பெல்ட்டோட. நான் மாட்டினதப் பாத்து எல்லாருமே துண்ட வச்சு மாட்டிட்டாவ.”

பின்னால் இரும்புச் சத்தம். பரோட்டாக் கல்லைக் கழற்றுகிறார். கடையில் இருக்கிறார்.

நான்: “எல்லாரும் எங்க?”

“சாமான் எடுக்க வந்திருக்கோம். பின்ன, கல்ல விட்டுட்டா வரச் சொல்லுத?”

வேலாயுதத்தைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

திரையில் அறுபது.

12:57

வேலாயுதம்: “அண்ணே, கதவ யாரு அடச்சது? கப்பலு ஆடுது. நான் உக்காரவே இல்லண்ணே.”

13:20

கப்பலின் தானியங்கிச் செய்தி: “பயணிகள் அறுபது. அனைவரும் நலம்.”

அடுத்த கப்பல் வர மூன்று வாரம். காற்று நாளைக் காலை வரை. பம்ப் நிலையத்துக்கே திரும்பிவிட்டேன்.

13:45

எஸ்தர் அக்கா: “தம்பி, கல்லோட வந்து நிக்கேன். கப்பலக் காணலயே. வேற எடத்துல நிப்பாட்டிருக்காவளா?”

நான்: “கல்ல திரும்ப மாட்டுங்க அக்கா. லேட்டாகும்.”