நாலு நொடி அசையாத முகம்

மார்ச் 3
ஸ்டூடியோ வேலை முடிந்ததும் என் சொந்தப் படவரிசைக்காக இன்று மாடிவீட்டு டீச்சரை எடுத்தேன். எல்லோருக்கும் போல இரண்டு படம். முதலாவது பழைய முறை: நேர்ப்பார்வை, பக்கவாட்டு வெளிச்சம், நிமிர்ந்த தோள். இரண்டாவதற்கு ஷட்டரை நாலு நொடி திறந்து வைத்து, "சாயங்காலம் உங்க வீட்டுக் கதவைத் தட்டுற சத்தத்தை நினைச்சுக்குங்க" என்பேன். முகம் தன்னை அறியாமல் அசையும். கண், மூக்கெல்லாம் கரைந்து ஒரு தடம் மட்டும் மிஞ்சும். டீச்சர் முகம் ஒரு பக்கமாக வழிந்தோடியிருந்தது. மகன் வருகிற நேரமாம்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இதை பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தா பேய்னு திருப்பி அனுப்பிடுவான்மா."

மார்ச் 6
அக்கா வந்தாள். முதல் படத்தில் அளவான, அழகான சிரிப்பு. இரண்டாவது பாழ். நாலு நொடியும் இமைகூட அசையவில்லை.

"சிலை மாதிரி உட்கார்ந்தா எப்படிக்கா?"

"பழகிடுச்சுடி."

சிரித்தேன். அவளுக்கென்று தனி போன் கிடையாது. இரண்டையும் அத்தானுக்கு அனுப்பினேன்.

மார்ச் 7
அத்தான் கூப்பிட்டார். முதல் படம் பிரமாதமாம். "ரெண்டாவதுல எதை யோசிச்சிட்டிருந்தா?" சொன்னேன். கதவு தட்டுகிற சத்தம் என்று. அதோடு விட்டேனா? "மத்தவங்க முகமெல்லாம் அசையும் அத்தான், இவ மட்டும் உறைஞ்சு போயிட்டா."

அத்தான் உடனே சொன்னார்: "சரி, அவகிட்டயே கேட்டுக்கிறேன்."

போனை வைத்த பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோள் காதுவரை ஏறியிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்து — மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். ஐயோ, நான் என்னத்தைச் சொல்லித் தொலைச்சேன்?

மார்ச் 8
அத்தான் போனை எடுக்கவில்லை.

மார்ச் 9
எடுத்தார். "தூங்குறா." பகல் பதினோரு மணிக்கா?

முகம் பார்ப்பதே பிழைப்பு. படித்த புத்தகங்களுக்குக் கணக்கில்லை. கூடப்பிறந்தவள் முகம் மட்டும் தெரியவில்லை. போனால் அவளுக்கு இன்னும் ஆபத்தா? போகாவிட்டால்?

மார்ச் 10
தெருமுனையில் நின்று அத்தான் பைக் வேலைக்குப் போவதைப் பார்த்தேன். அப்புறம்தான் படியேறினேன்.

அக்கா கதவுச் சங்கிலியை எடுக்காமல் ஒரு கை அகலம் திறந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"ஏண்டி அவர்கிட்ட சொன்னே?"

"தெரியாமத்தான்க்கா. கிளம்பு."

"அடுப்புல பால் இருக்கு."

"அணைச்சிடு."

அப்படியே நின்றாள். படியில் யாரோ ஏறிவரும் செருப்புச் சத்தம். கீழ் வீட்டோடு நின்றுவிட்டது. அக்கா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். பாலை மூடி வைத்தாள். சான்றிதழ்கள் இருந்த ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 12
டீச்சர் வீட்டில் இருக்கிறோம். போலீசில் புகார் கொடுத்தாயிற்று. அக்காவே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 15
அத்தான் ஸ்டூடியோவுக்கு வந்து போனாராம். நாங்கள் இருக்கும் இடத்தை முதலாளி சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவா, வேண்டாமா?

சொன்னேன். "வருவார்னு தெரியும்" என்றாள்.

மார்ச் 21
என் படவரிசை ஒரு கண்காட்சிக்குப் போகிறது. அக்காவின் இரண்டு படங்களை மட்டும் நான் அதில் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 4
புது அறை. ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்கு அக்கா என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "இத்தனை வயசாச்சு, ஒரு துண்டு காயப்போடத் தெரியலை. உனக்குக் கேமரா ஒரு கேடு." நானும் விடவில்லை. பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.