பூசி மறைத்த சுவர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உங்கம்மா நலம், நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த வீட்டில் அதற்குப் பெயர்தான் நலம். போனில் இருமலைக் கேட்டு நீ விசாரித்தபோது சளி என்றேன், பொய். சளி இல்லை, பூஞ்சை. மாற்றி வைத்த நுரையீரலை என் மூச்சுக்குழாயோடு தைத்த இடத்திலேயே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது என்று குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார். புது நுரையீரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை தினமும் போடுகிறேன் அல்லவா, அதனால் உன்னை ஒன்றும் செய்யாத பூஞ்சை எனக்கு எமன். தையல் விட்டால் நுரையீரல் போகும், ஆளும் போவார் என்றார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

வீட்டில் ஈரச்சுவர் உண்டா என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் இல்லை என்றேன். ஏன் தெரியுமா, நுரையீரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கும் முன்னால் வீட்டைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மாடிக் குழாய் கசிந்து கட்டிலோரச் சுவர் கறுத்துக் கிடந்தது, வீட்டுக்காரரிடம் இரண்டு வருஷம் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த அம்மா வருவதற்கு முதல் நாள் உங்கம்மாவை ஏணியில் ஏற்றிவிட்டு, நான் ஆக்சிஜன் குழாயோடு கீழே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இரண்டு கோட் பெயின்ட் அடித்து மறைத்தோம். புதுக் குடித்தனம் வரும் முன்னால் எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு முப்பது வருஷம் நான் செய்து கொடுத்த அதே பெயின்டர் வேலை. வந்தவர் வீடு பளிச்சென்று இருக்கிறதே என்று எழுதிக்கொண்டு போனார். காய்ந்த சுவர் உள்ளவனுக்குத்தான் நுரையீரல் என்றால் நம்மைப்போல ஆட்கள் என்ன செய்வது, சொல்லு. ஆனால் பூஞ்சைக்கு இந்த நியாயமெல்லாம் எடுபடுமா. ஆபரேஷன் முடிந்து திரும்பியபோது பெயின்ட் உரிந்து கறுப்பு திரும்ப வந்திருந்தது, கட்டிலைத் தள்ளிப்போட இடம் ஏது, அங்கேயேதான் படுத்தேன்.

டாக்டர் நாலாவது தடவை கேட்கும் முன்னால் உங்கம்மா அழுதுகொண்டே போட்டு உடைத்துவிட்டாள். அவர் திட்டவில்லை, மருந்து நான் கொடுப்பேன், சுவருக்கு யார் வைத்தியம் பார்ப்பது, இன்றைக்கே வெளியே வாருங்கள் என்றார். இப்போது உன் அத்தை வீட்டு மாடி அறையில் இருக்கிறோம், தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த சுவர். பூஞ்சை மருந்து சாப்பிட்டால் கொஞ்ச நேரம் என் கண்ணுக்கு நிறமெல்லாம் மாறி, வெள்ளைச் சுவர் மஞ்சளாக மினுங்குகிறது. பெயின்டருக்கு வந்த கேட்டைப் பார் என்று உங்கம்மா சிரிக்கிறாள். நேற்று மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள், படர்ந்தது பாதியாகக் குறைந்திருக்கிறது, தையல் நிற்கிறது. இன்னும் மூன்று மாசம் மருந்து, அதற்குப் பிறகுதான் தப்பித்தேனா என்று சொல்வார்களாம். அதற்குள் அலறியடித்துக்கொண்டு வராதே.

போன வாரம் பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனோம். அதற்குள் தன் மாற்றுச் சாவியால் திறந்து, சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கைக்குழந்தையோடு வந்த தம்பதிக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். நான் உள்ளே போகவில்லை. முகமூடியோடு தெருவில் நின்றபடியே, அந்தப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, முதலில் அதை மறைத்தது யார் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். மூச்சு வந்ததும் பேச்சும் வந்துவிட்டதோ என்று வீட்டுக்காரர் கத்தினார். பின்னே எதற்கு மூச்சு என்றேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழுங்கள். உன் அலமாரியை நகர்த்திப் பின்னால் சுவரைத் தொட்டுப் பார். ஈரமாக இருந்தால் பெயின்ட் அடிக்காதே, சத்தம் போடு.

இப்படிக்கு,
பொய் சொன்ன உன் அப்பா