ஆளில்லாத குழாய்

திங்கள்

என் ஆய்வுக்கூட மகாராணிக்கு,

நானும் மகளும் சௌக்கியம். இந்தத் தொற்று அடங்கும்வரை உங்களைத் தங்கவைத்திருக்கும் விடுதியில் நீ நேரத்துக்குச் சாப்பிடு. மருந்துக்கடைச் சோதனைப் பட்டையில் எனக்கு ஒரே கோடுதான் விழுந்தது. ஒரு கோடு என்றால் கிருமி இல்லை என்று நீதானே சொன்னாய்? லேசான இருமல்தான், பூட்டிக் கிடக்கும் சலூனின் தூசி. வாண்டு உன் தலையணையை யாருக்கும் தருவதில்லை. "அம்மா எப்ப வருவாங்க?" என்று என் உயிரை எடுக்கிறாள்.

உன் கத்திரிக்கோல்காரன்

செவ்வாய்

வாண்டு அப்பாவுக்கு,

போனில் பேசினால் இருமல் கேட்டுவிடும் என்றுதானே அதை எடுக்காமல், சளி மாதிரி ஏற்றிவரும் எங்கள் வண்டி டிரைவரிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறீர்கள்? யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

அந்தப் பட்டையை நம்பாதீர்கள். கிருமி கொஞ்சமாக இருந்தால் தவறவிட்டுவிடும். எங்கள் இயந்திரம் துளியூண்டு இருந்தாலும் அதைப் பெருக்கிப் பெருக்கி, திரையில் கோடாக எழுப்பிக் காட்டிவிடும். இரண்டு குழாய், இரண்டு குச்சி அனுப்பியிருக்கிறேன். மூக்கின் ஓரத்தில் தடவாதீர்கள். உள்ளே தட்டும்வரை விட்டுச் சுழற்றுங்கள். வாண்டுவுக்கும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

வாண்டு அம்மா

புதன்

மகாராணிக்கு,

இரண்டு குழாயும் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாண்டு சமர்த்து, சத்தமே போடவில்லை.

கத்திரிக்கோல்காரன்

வியாழன்

வாண்டு அப்பாவுக்கு,

உங்கள் கோடு சீக்கிரமே எழுந்துவிட்டது. கிருமி இருக்கிறது, நிறைய இருக்கிறது. வார்டில் உங்களுக்கு இடம் கேட்டிருக்கிறேன்.

வாண்டுவின் குழாயில் கிருமி இல்லை. சந்தோஷப்படாதீர்கள், அதில் வாண்டுவே இல்லை. குழாயில் மனிதச் செல் இருக்கிறதா என்றும் இயந்திரம் பார்க்கும். அந்தக் கோடு எழவே இல்லை. குச்சி அவள் மூக்கைத் தொடவில்லை. அவள் ஏன் சத்தம் போடவில்லை என்று இப்போது புரிகிறது. ஊர்ப் பிள்ளைகள் அலற அலறத் தலையைப் பிடித்து முடி வெட்டுகிற ஆளா இப்படிச் செய்தது?

கிருமி இல்லையென்றால் அவளை விடுதியில் என்னோடு வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். இருந்தால் உங்களோடு அவளும் வார்டுக்குத்தான். தெரியாமல் எந்தப் பக்கம் அனுப்புவேன்? உங்கள் காலில் விழுகிறேன், மறுபடி எடுங்கள்.

வாண்டு அம்மா

வெள்ளி

அம்மா தாயே,

எடுத்துவிட்டேன். "வேணாம்ப்பா, வலிக்குதுப்பா"ன்னு கத்தினாள், விடவில்லை. அன்றைக்குக் குச்சியைச் சும்மா குழாயில் நனைத்துக் கொடுத்தேன். அழுவாளே என்று மட்டும் இல்லை. அவளுக்கும் இருக்கிறது என்று நீ எழுதிவிட்டால் அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. இப்போது அவள் அந்த அறையில், நான் இந்த அறையில். எழுந்து நின்றால் மூச்சு வாங்குகிறது. சீக்கிரம் பார்த்துச் சொல்.

சனி

என்னங்க,

இந்த முறை குழாயில் வாண்டு இருக்கிறாள். கிருமிக் கோடு கடைசிவரை எழவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள், எனக்கு அழுகைதான் வந்தது. இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கும் இல்லை என்று அர்த்தமில்லை, அது எனக்குத் தெரியும்.

உடனே போன் செய்தேன். வாண்டுதான் எடுத்தாள். "அப்பாவ வாசல்லருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், கண்ணு தொறக்க மாட்டேங்குறாரும்மா" என்றாள். உள்ளே போகாதே என்று சொன்னேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன். நான் மாதிரி வண்டியில் வந்துகொண்டிருக்கிறேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நம் தெரு திரும்பியாகிவிட்டது. என்னிடம் மறைத்து வைத்தீர்களே, அந்த இருமலை இப்போது இருமுங்கள். வாசல்வரை கேட்கிற மாதிரி ஒரே ஒரு தடவை இருமுங்கள்.

உங்கள்
வாண்டு அம்மா